கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர், எச்பிசி ஆராய்ச்சின்னா அப்படி என்னதான் பண்றீங்க? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மலேசியாவுல பட்டர்வொர்த்துக்காரன், எதிர்ல இருக்கற பினாங்குத் தீவுல கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர்ல பிஎச்டி நாலாவது வருஷம். என்கிட்ட கேள்வி கேக்கறவங்க மூணு ரகம்: தீபாவளி ஓப்பன் ஹவுஸ்ல மாட்டிக்கிற சொந்தக்காரங்க, டிகிரி முடிக்கப் போற தம்பி தங்கச்சிங்க, பாயான் லெப்பாஸ் சிப் ஆலைங்கள்ல வேலை செய்யற கூட்டாளிங்க. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல பத்து நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பி அனுப்பி தொண்ட காஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். இனிமே யாரு கேட்டாலும் இதத்தான் அனுப்புவேன், கோவிச்சுக்காதீங்க.

ஆர்க்கிடெக்ட்னா வீட்டு ப்ளான் போடறவரா?

இல்ல. மலாய்ல இதுக்குப் பேரே செனி பினா கொம்பியூட்டர், கட்டடக் கலைக்கும் அதே செனி பினாதான், அதனால ஃபாரம் நிரப்பற கவுன்டர்ல எல்லாம் "எந்தக் கட்டடம்?"னு கேட்டுட்டாங்க. நாங்க பாக்கறது ப்ராசசருக்கு உள்ள எது எது எங்க இருக்கணும், எவ்வளவு பெருசா இருக்கணும், எதுக்கு அப்புறம் எது நடக்கணும்ங்கறது. சிப்ப தயாரிக்கறது வேற ஆளுங்க, அதுல ஓடற சாஃப்ட்வேர் எழுதறது வேற ஆளுங்க, நாங்க ரெண்டுக்கும் நடுவுல. சுருக்கமா கேட்டா, யாரு யாருக்காக சும்மா காத்துக்கிட்டு நிக்கறாங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் முக்கால்வாசி வேலை.

ப்ராசசர்தான் ஏற்கனவே பயங்கர வேகமா இருக்கே, இன்னும் என்ன ஆராய்ச்சி?

ப்ராசசர் வேகம்தான், அதுக்கு டேட்டா கொண்டு வந்து குடுக்கற மெமரி வேகம் இல்ல. 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர்ல ஒரு சைக்கிள், அதாவது அதோட கடிகாரத்துல ஒரு துடிப்பு, ஒரு நேனோசெகண்டுல மூணுல ஒரு பங்கு. பக்கத்துலயே கேஷ்னு குட்டி குட்டி மெமரி அடுக்கா இருக்கும், அதுல முதல் கேஷ்ல சாமான், அதாவது டேட்டா, இருந்தா நாலஞ்சு சைக்கிள்ல கைக்கு வந்துடும். அங்க இல்லாம, அடுத்தடுத்த கேஷ்லயும் இல்லாம, மெயின் மெமரி வரைக்கும் போகணும்னா 80ல இருந்து 100 நேனோசெகண்ட், அதாவது 240ல இருந்து 300 சைக்கிள். அவ்வளவு நேரம் அந்த விலை உயர்ந்த ப்ராசசர் பெரும்பாலும் கைய கட்டிக்கிட்டு நிக்குது. 1995லயே வுல்ஃப், மெக்கீன்னு ரெண்டு பேரு இதுக்கு "மெமரி வால்"னு பேரு வச்சு, இது பெரிய தலைவலி ஆகப் போகுதுன்னு எழுதிட்டாங்க. ஆயிடுச்சு.

இத பினாங்கு பாலத்த வச்சு சொன்னா பட்டர்வொர்த்துக்காரங்களுக்கு உடனே புரியும். பாலம் பதிமூன்றரை கிலோமீட்டர், 1985ல திறந்தப்ப நாலு லேன், அப்புறம் ஆறு ஆக்குனாங்க. லேன் கூடினதால மணிக்கு அதிக வண்டி போகலாம், அது பேண்ட்வித். ஆனா காலையில அஞ்சு மணிக்கு ரோடு காலியா இருக்கறப்ப நீங்க 80ல போனாலும் அதே பத்து நிமிஷம் ஆகும், லேன் ஆறா இருந்தாலும் அறுபதா இருந்தாலும் பத்து நிமிஷம்தான், அது லேட்டன்சி. மெமரிக்காரங்க வருஷா வருஷம் லேன் கூட்டிக்கிட்டே போறாங்க, தூரத்த மட்டும் யாராலயும் பெருசா குறைக்க முடியல. இதுல 2014ல ரெண்டாவது பாலம் வந்துச்சு, 24 கிலோமீட்டர், பாலம் கூடுச்சே தவிர ஒரு தனி ஆளோட பயணம் குறையல, நீண்டுச்சு.

அப்ப என்ன வழி? தீவுல வேலை செய்யறவன் தீவுலயே வீடு எடுக்கறது, அதான் கேஷ். வீடு சின்னது, வாடகை அதிகம், எல்லாரும் வர முடியாது. யார உள்ள வைக்கறது, யார வெளிய அனுப்பறது, நாளைக்கு யாரு தேவைப்படுவாங்கன்னு இன்னைக்கே யூகிச்சு கூப்பிட்டு வைக்கறது, இதுக்குத்தான் முப்பது நாப்பது வருஷமா பேப்பர் எழுதிக்கிட்டு இருக்காங்க. என் தீசிஸும் அந்தக் கடைசி விஷயம்தான், அதுக்குப் பேரு ப்ரீஃபெட்சிங்.

இன்னொரு காரணமும் இருக்கு. ட்ரான்சிஸ்டர் சின்னதாக ஆக, அதே மின்சாரத்துல அதிக வேகத்துல ஓட்டலாம்னு டெனார்ட் குழு 1974ல காட்டினாங்க. ஏறக்குறைய 2005, 2006ல அந்த சுகம் முடிஞ்சது, சூடு தாங்கல. அதனாலதான் கிகாஹெர்ட்ஸ் ஏறறது நின்னு போயி கோர் (ஒரே சிப்ல இருக்கற தனித்தனி ப்ராசசர்) எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சுச்சு. சும்மா உக்காந்திருந்தாலே அடுத்த வருஷ ப்ராசசர் நம்ம ப்ரோக்ராம வேகமாக்கிடும்ங்கற காலம் போச்சு.

பாலம் கதை எல்லாம் சரி, கோட்ல காட்டுங்க பாப்போம்?

இது ஜூனியர் தம்பிங்க கேக்கறது, நல்ல கேள்வி. சி மொழியில பத்தாயிரத்துக்கு பத்தாயிரம் மேட்ரிக்ஸ் ஒண்ணு போடுங்க, ஒவ்வொரு எண்ணும் 8 பைட், மொத்தம் 800 மெகாபைட். ரெண்டு லூப் வச்சு எல்லாத்தையும் கூட்டணும், அவ்வளவுதான். முதல்ல வரிசை வரிசையா கூட்டுங்க. அப்புறம் ரெண்டு லூப்பையும் இடம் மாத்தி, மேலேருந்து கீழ நெட்டுக்குத்தா கூட்டுங்க. கணக்கு ஒண்ணு, விடை ஒண்ணு, நேரம் மட்டும் பல மடங்கு வித்தியாசப்படும்.

ஏன்னா மெமரி ஒரு எண்ணத் தனியா அனுப்பாது, 64 பைட் கொண்ட ஒரு கேஷ் லைனாத்தான் அனுப்பும், அதுல எட்டு எண் இருக்கும். சி மொழி வரிசைய அடுத்தடுத்து வைக்கறதால, வரிசையா போனா ஒரு லைன் வந்தா எட்டு வேலை முடியும். நெட்டுக்குத்தா போனா ஒரு லைன் வாங்கி ஒரு எண்ண எடுத்துட்டு அடுத்த லைனுக்கு ஓடுறோம், ஒரு நெடுவரிசை முடிய பத்தாயிரம் லைன், 640 கிலோபைட். முதல் கேஷ் பொதுவா 32ல இருந்து 48 கிலோபைட்தான், எப்படி கொள்ளும்? திரும்பி வர்றதுக்குள்ள பழைய லைன் வெளிய போயிருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு எண்ணும் மெமரியில வேற வேற பேஜ்ல இருக்கறதால, எந்தப் பேஜ் எங்கன்னு குறிச்சு வைக்கற டிஎல்பிங்கற குட்டி அட்டவணையும் திணறும். ஒரு கிலோ மீன் வாங்க சந்தைக்கு ஒரு ஒரு மீனா பத்து தடவை போற மாதிரி.

செஞ்சு பாக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: கம்பைலர ஓ3ல (கோட நல்லா வேகமாக்குன்னு சொல்ற அளவு) போட்டா சில சமயம் அதுவே நம்ம முட்டாள்தனத்தப் பாத்துட்டு லூப்ப மாத்திப் போட்டுடும், அப்புறம் "அண்ணே வித்தியாசமே இல்ல"ன்னு மெசேஜ் போடாதீங்க, ஓ1ல பாருங்க. ஃபோர்ட்ரான் ஆளுங்களுக்கு எல்லாமே தலைகீழ், அவங்களுக்கு நெடுவரிசைதான் நேர்வழி.

எச்பிசியும் இதுவும் ஒண்ணா?

பங்காளிங்க. எச்பிசின்னா ஹை பெர்ஃபார்மன்ஸ் கம்ப்யூட்டிங், ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர ஒண்ணா கட்டி (அதுக்குப் பேரு கிளஸ்டர்) ஒரே பெரிய கணக்க போடறது. மழை கணிப்பு நல்ல உதாரணம். 2017 நவம்பர்ல பினாங்கு மூழ்கினப்ப, எந்தப் பக்கம் எவ்வளவு மழைன்னு இன்னும் கிட்டத்துல போயி சொல்ல முடியாதான்னு எல்லாரும் கேட்டாங்க. மாடல்ல பத்து கிலோமீட்டர் கட்டத்த அஞ்சு ஆக்கினா நீளத்துல ரெண்டு மடங்கு, அகலத்துல ரெண்டு மடங்கு, நேரத்தையும் பாதிப் பாதியா நகத்தணும், ஆக எட்டு மடங்கு கணக்கு. ரெண்டரை கிலோமீட்டர்னா 64 மடங்கு. காசு எங்க போகுதுன்னு தெரியுதா?

உலகத்துல எது பெரிய மிஷின்னு டாப்500ன்னு ஒரு பட்டியல் 1993ல இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜூன்லயும் நவம்பர்லயும் வருது. அமெரிக்காவோட ஃப்ரான்டியர்தான் 2022ல அந்தப் பட்டியல்ல எக்சாஃப்ளாப்ஸ தாண்டின முதல் மிஷின், செகண்டுக்கு ஒரு பில்லியன் பில்லியன் கணக்கு, அதுக்கு 21 மெகாவாட் கரண்டு. 2024 நவம்பர்ல எல் கேப்பிட்டன் 1.742 எக்சாஃப்ளாப்ஸோட மேல ஏறுச்சு.

ஆனா நான் அந்தப் பட்டியல ரொம்ப நம்பற ஆள் இல்ல. அதுக்கு வைக்கற லின்பேக் டெஸ்ட் ப்ராசசருக்கு ரொம்ப இஷ்டமான கணக்கு, ஒரு தடவை கொண்டு வந்த டேட்டாவ திரும்பத் திரும்ப பயன்படுத்தலாம். அந்த லின்பேக்க உருவாக்கின ஆளுங்கள்ல ஒருத்தரான ஜாக் டொங்காராவே, 2021க்கான டூரிங் விருது வாங்கினவர், இது மட்டும் போதாதுன்னு எச்பிசிஜின்னு இன்னொரு டெஸ்ட்டும் கொண்டு வந்தாரு, அது நிஜ வேலை மாதிரி மெமரிய போட்டு உலுக்கும். ஜப்பானோட ஃபுகாகு லின்பேக்ல 442 பெட்டாஃப்ளாப்ஸ் (ஆயிரம் பெட்டா ஒரு எக்சா), எச்பிசிஜில 16. நாலு விழுக்காடு கூட இல்ல! மிச்சம் என்ன பண்ணுதுன்னு கேட்டா, அதே பாலத்துக் கதைதான், மெமரிக்காக காத்துக்கிட்டு நிக்குது.

கோர் நிறைய போட்டா நிறைய வேகம்தானே?

தைப்பூசத்துக்கு தண்ணீர் பந்தல்ல சமைச்சிருக்கீங்களா? நூறு நிமிஷ வேலைன்னு வைங்க, 95 நிமிஷம் காய் வெட்டறது, 5 நிமிஷம் பெரிய அண்டாவுல ஒருத்தர் மட்டும் நின்னு தாளிக்கறது. 64 பேரு காய் வெட்ட வந்தா 95 நிமிஷம் ஒன்றரை நிமிஷமாகும், தாளிக்கறது அதே 5. மொத்தம் ஆறரை நிமிஷம், அதாவது 64 பேரு வந்தும் 15 மடங்குதான் வேகம். ஊரே திரண்டு வந்தாலும் 20 மடங்கத் தாண்டாது. இத ஜீன் அம்டால் 1967ல சொன்னாரு. 1988ல கஸ்டாஃப்சன் வந்து, ஆள் கூடினா யாருப்பா அதே அளவு சாம்பார் வைப்பாங்க, பத்தாயிரம் பேருக்கு வைங்கன்னு சொன்னாரு, அதுவும் சரிதான். நான் கணக்குல விட்டது ஒண்ணு இருக்கு, 64 பேரும் ஒருத்தருக்கொருத்தர் கத்தி கேக்கற நேரம். பெரிய கிளஸ்டர்ல அதுதான் உயிர வாங்கும்.

சிப்பே செய்யாம சிப்ப பத்தி எப்படி ஆராய்ச்சி பண்றீங்க?

சிமுலேட்டர். ஜெம்5ன்னு ஒண்ணு, 2011ல ரெண்டு பழைய சிமுலேட்டர சேத்து உருவானது, இலவசம், உலகம் பூரா இதுலதான் குப்ப கொட்டறாங்க. இல்லாத ப்ராசசர சாஃப்ட்வேர்ல எழுதி அதுல ப்ரோக்ராம் ஓட்டிப் பாக்கறது. பிரச்சினை, ரொம்ப மெதுவா போகும். நுணுக்கமா ஓட்டினா செகண்டுக்கு ரெண்டு லட்சம் இன்ஸ்ட்ரக்‌ஷன் போகுதுன்னு வைங்க, நிஜத்துல ஒரு செகண்ட் வேலைக்கு இங்க நாலு மணி நேரத்துக்கு மேல. வேகத்த அளக்கற பெஞ்ச்மார்க் ப்ரோக்ராம் ஒரு ட்ரில்லியன் இன்ஸ்ட்ரக்‌ஷன்னா 58 நாள். அதனால முழுசா ஓட்டறது இல்ல, ப்ரோக்ராம்ல திரும்பத் திரும்ப வர்ற மாதிரியான துண்டுங்கள மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டறது, சிம்பாயிண்ட்னு 2002ல வந்த முறை.

இங்கதான் நான் கவுந்தேன். ரெண்டாவது வருஷம், என் ப்ரீஃபெச்சர் 18 விழுக்காடு வேகம் கூட்டுதுன்னு கிராஃப் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி லைன் கிளியர் கடையில நின்னு நாசி கண்டார் தாப்பாவ் (பார்சல்) பண்ணி லேப்ல எல்லாருக்கும் நான்தான் வாங்கிக் குடுத்தேன். மறுநாள் சூப்பர்வைசர் கிராஃப பாத்துட்டு ஒரே கேள்வி: "வார்ம்அப் எவ்வளவு குடுத்த?" குடுக்கவே இல்ல. துண்டு ஆரம்பிக்கறப்ப கேஷ் காலியா இருக்கும், தொட்டதெல்லாம் மிஸ், மிஸ் கொட்டிக் கிடக்கற இடத்துல எந்த ப்ரீஃபெச்சரும் ஹீரோ மாதிரிதான் தெரியும். கேஷ நிரப்பிட்டு அளந்தா 18 போயி 3. நாசி கண்டார் காசு போனது போனதுதான்.

அதுக்கப்புறம் யாரு பேப்பர் படிச்சாலும் கிராஃப பாக்கறதுக்கு முன்னாடி மெத்தடாலஜி பகுதியத்தான் முதல்ல படிக்கறேன். வார்ம்அப் எவ்வளவு, எதோட ஒப்பிட்டாங்க, தோத்த பெஞ்ச்மார்க்கையும் காட்டினாங்களா. சராசரி மட்டும் போட்டு முடிச்சுக்கிட்டாங்கன்னா எனக்கு கொஞ்சம் கை அரிக்கும்.

கிளஸ்டர்ல என் ஜாப் மூணு நாளா பெண்டிங்லயே இருக்கு, ஏன்?

பெரும்பாலும் நீங்க கேட்ட நேரம்தான் காரணம். கிளஸ்டர்ல யாரோட ஜாப் எப்ப ஓடணும்னு வரிசை போடற சாஃப்ட்வேர் ஸ்லர்ம், அது வால்டைம் (ஜாப் ஓட ஆகற நேரம்) எவ்வளவு வேணும்னு கேக்கறப்ப எல்லாரும் பயந்துகிட்டு உச்சபட்சத்தப் போட்டுடறாங்க. பெரிய ஜாப் ஒண்ணுக்கு இடம் சேத்துக்கிட்டு இருக்கறப்ப நடுவுல சும்மா கிடக்கற நோட்ல (கிளஸ்டர்ல இருக்கற ஒரு கம்ப்யூட்டர்) சின்ன ஜாப்ப நுழைச்சு விடறதுக்கு பேக்ஃபில்னு பேரு. உங்க வேலை நாலு மணி நேரத்துல முடியும்னா ஆறு போடுங்க, 72 போட்டா அந்த சந்துல நுழைய முடியாது. போன மாசம் நிறைய ஓட்டியிருந்தீங்கன்னா எல்லாருக்கும் சமமா பங்கு போடற ஃபேர்ஷேர் கணக்கு உங்கள வரிசையில பின்னாடி தள்ளும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, பொறுமதான்.

அப்புறம் தயவு செஞ்சு லாகின் நோட்ல ப்ரோக்ராம் ஓட்டாதீங்க. அது எல்லாரும் நுழையற வாசப்படி, அங்க உக்காந்து கோலம் போட்டா மத்தவங்க எப்படி உள்ள வர்றது?

பேப்பர் எங்க போடறது? ஜர்னல்தான் பெருசுன்னு சொல்றாங்களே?

எங்க துறையில மாநாடுதான் பெருசு. ஐஎஸ்சிஏ 1973ல இருந்து நடக்குது, அப்புறம் மைக்ரோ, எச்பிசிஏ, ஆஸ்ப்ளாஸ், இந்த நாலுலயும் நூறு பேப்பர் போனா ஏறக்குறைய இருபது சொச்சம்தான் தேறும். எச்பிசி பக்கம் எஸ்சி, அது 1988ல இருந்து ஒவ்வொரு நவம்பரும் அமெரிக்காவுல. ஆனா நம்ம ஊர்ல பட்டம் வாங்கறதுக்கும் புரமோஷனுக்கும் நிறைய இடத்துல கியூ1, கியூ2 (தரவரிசையில மேல் பாதி) ஜர்னல்தான் எண்ணறாங்க. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது ஸ்டூடண்டு. ஐஎஸ்சிஏல பேப்பர் வந்தா உலகமே கைதட்டும், இங்க ஃபாரம்ல அதுக்கு ஒரு கட்டம் கூட சரியா இருக்காது.

நான் சொல்ற வழி: முதல்ல ஐட்ரிபிள்ஈயோட கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் லெட்டர்ஸ்ல நாலு பக்கத்துல ஐடியாவ போடுங்க, அப்புறம் டாக்கோ, டிபிடிஎஸ் மாதிரி ஜர்னல்ல பெருசா. ரிவியூ பண்றது மாநாட்டுக்காரங்களே, அதனால கருத்தும் உருப்படியா வரும், இங்க கணக்குலயும் சேரும். யாருக்கும் தெரியாத ஜர்னல்ல காசு கட்டி மூணு வாரத்துல போடறத மட்டும் வேணாம்னு கால்ல விழுந்து கேட்டுக்கறேன்.

ஃப்ளைட்டுக்கு காசு இல்லாதவங்க சூப்பர்கம்ப்யூட்டிங் ஏசியா சிங்கப்பூர்ல நடக்கற வருஷம் பாத்து போங்க, 2018ல ஆரம்பிச்சது, பஸ்லயே போயிடலாம்.

பினாங்குல இருந்து இந்த ஆராய்ச்சி பண்றதுல என்ன லாபம்?

அக்கம்பக்கம்தான் லாபம். பாயான் லெப்பாஸ் ஃப்ரீ ட்ரேட் சோன் 1972ல வந்தப்பவே இன்டெல் அமெரிக்காவுக்கு வெளிய போட்ட முதல் ஆலை இங்கதான், ஏஎம்டியும் அந்த வருஷம்தான். எங்க அத்தை தலைமுறை மைக்ராஸ்கோப் பாத்து பாத்து கண்ணு கெட்டுப் போனது அங்கதான். இப்ப அதே ரோட்டுல அசெம்பிளி மட்டும் இல்ல, டிசைனும் வெரிஃபிகேஷனும் நடக்குது. மாமாக் கடையில பக்கத்து டேபிள்ல டைமிங் க்ளோஸ் ஆகல, சிப்ல சிக்னல் நேரத்துக்கு வந்து சேரலன்னு ஒருத்தர் புலம்பிக்கிட்டு இருப்பாரு, ரோத்தி சானாய் ஆறிடும்.

அரசாங்கம் 2024ல அறிவிச்ச செமிகண்டக்டர் திட்டத்துல 60,000 இன்ஜினியருக்குப் பயிற்சின்னு இலக்கு, 2025ல ஆர்ம்ங்கற ப்ராசசர் டிசைன் கம்பெனியோட பத்து வருஷத்துக்கு 250 மில்லியன் டாலர் ஒப்பந்தம். நல்ல விஷயம்தான். ஆனா ஒப்பந்தம் போட்டா ஆர்க்கிடெக்ட் முளைச்சு வந்துட மாட்டாங்க, அடுத்த ப்ராசசர்ல என்ன இருக்கணும்னு முடிவு பண்ற மேசை இன்னும் பெரும்பாலும் வேற நாட்டுலதான் இருக்கு, அந்த மேசைல உக்காரத்தான் ஆராய்ச்சி ஆளு வேணும்.

கேஎல் (கோலாலம்பூர்) ஆளுங்களுக்கு மலாயா பல்கலைக்கழகத்துல டேட்டா இன்டென்சிவ் கம்ப்யூட்டிங் சென்டர் இருக்கு, கிளஸ்டர் பழகிக்க நல்ல இடம்.

லைசென்சுக்கு காசு இல்லாம ப்ராசசர தொட்டுப் பாக்க முடியுமா?

ரிஸ்க்-ஃபைவ் இருக்கே. 2010ல பெர்க்லில ஆரம்பிச்சது, இன்ஸ்ட்ரக்‌ஷன் செட் (ப்ராசசருக்குப் புரியற கட்டளைப் பட்டியல்) எல்லாருக்கும் பொது, யாருகிட்டயும் கை ஏந்த வேணாம். நம்ம சென்னை ஐஐடில இத வச்சு ஷக்தின்னு ப்ராசசரே செஞ்சாங்க, ஒண்ண சண்டிகார்ல 180 நேனோமீட்டர்ல அடிச்சு எடுத்தாங்க. ஒரு எஃப்பிஜிஏ போர்டு (உள்ள இருக்கற சர்க்யூட்ட நாமளே மாத்தி அமைக்கற சிப்) இருந்தா நீங்களும் உங்க ரூம்ல ஒரு சின்ன கோர ஓட விடலாம். முதல் தடவை அது "ஹலோ"ன்னு சீரியல் போர்ட்ல எழுதறப்ப வர்ற சந்தோஷத்துக்கு ஈடே இல்ல.

சம்பளம்?

பிஎச்டி பண்றப்ப சூப்பர்வைசர் கிராண்ட்ல இருந்து ஜிஆர்ஏவா (ஆராய்ச்சி உதவியாளரா) மாசா மாசம் கொஞ்சம் வரும், உயர்கல்வி அமைச்சோட எஃப்ஆர்ஜிஎஸ் மாதிரி கிராண்ட் இருந்தா. கூட படிச்சவன் பாயான் லெப்பாஸ்ல வாங்கறத விட கம்மி, அத மறைக்க மாட்டேன். சேர்றதுக்கு முன்னாடி கிராண்ட் இன்னும் எத்தன மாசத்துக்கு இருக்குன்னு வாய விட்டு கேளுங்க, இது மரியாதக் குறைவு இல்ல. நான் கேக்கல, நடுவுல ஆறு மாசம் டியூஷன் எடுத்து பெட்ரோல் போட்டேன்.

தமிழ்ப்பள்ளில படிச்சவங்களுக்கு இது ஒத்து வருமா?

நானும் தமிழ்ப்பள்ளிதான். சி, பைத்தான், லினக்ஸ், கொஞ்சம் புள்ளியியல், இது போதும். ஈடிஎச் ஜூரிக்ல ஓனுர் முட்லு எடுக்கற பாடம் யூடியூப்ல வருஷக்கணக்கா கிடக்கு, காசு இல்ல, அதப் பாருங்க. எங்க லேப்ல சிமுலேட்டர் உடைஞ்சா எல்லாரும் ஓடறது கூலிம்ல இருந்து வர்ற ஒரு தங்கச்சிகிட்டதான்.

எப்பப்பா முடிக்கப் போற?

அத்தை, கடைசி ரிசல்ட்டுக்கு ஒரு ஜாப் ஓடிக்கிட்டு இருக்கு. 72 மணி நேரத்துல 61 ஆச்சு. வார்ம்அப் இந்தத் தடவை குடுத்திருக்கேன்.